மணி அடித்த பிறகு

ஒவ்வோர் ஆண்டும் ஜூன், ஜூலை வந்தால் பத்திரிகைகளின் இலவச இணைப்புகளில் ஒரு கட்டுரை தவறாமல் வந்துவிடும். கல்லூரி வாழ்க்கைக்குப் பழகிக்கொள்வது எப்படி? கூச்சத்தை விடுங்கள். முதல் பெஞ்சில் உட்காருங்கள். ஊர், குடும்பம் பற்றி நண்பர்களிடம் மனம்விட்டுப் பேசுங்கள். ஆசிரியரிடம் தயங்காமல் சந்தேகம் கேளுங்கள். முதல் மூன்று மாதம் அப்படி இப்படி இருக்கும், அப்புறம் பழகிவிடும். எழுதுகிறவர் மனநல மருத்துவராகவோ ஓய்வுபெற்ற முதல்வராகவோ இருப்பார். நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறார், சந்தேகமில்லை. ஆனால் யாருக்கு எழுதுகிறார்? ஊரையும் குடும்பத்தையும் சொன்னால் மதிப்பு கூடுகிறவனுக்கு எழுதுகிறார். சொன்ன மறுநாள் பக்கத்து இடம் காலியாகிறவனுக்கு அவரிடம் ஒரு வரி கிடையாது.

நான் வங்கிக் குமாஸ்தா. போன ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்குக் கவுண்டர் முன்னால் வந்து நின்றான் என் பெரியப்பா பேரன். தாமல் காலனி. எங்கள் வகையறாவில் கல்லூரிக்குப் போன நாலாவது ஆள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க். கையில் பாஸ்புக்.

"இன்னாடா, காலேஜு இல்ல இன்னிக்கி?"

"கணக்க மூடிடலாம்னு வந்தேன் சித்தப்பா."

"ஏன்?"

"காலேஜுக்குப் போவல. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வண்டி நம்ம ரோட்டுல வருதில்ல, அதுல போயிடலாம்னு கீறேன். அவங்க வேற பேங்குல கணக்கு கேக்குறாங்க."

பின்னால் வரிசை நின்றது. சாயங்காலம் வீட்டுக்கு வா என்று அனுப்பினேன். அன்றைக்குக் கல்லா கணக்கு எனக்கு இரண்டு முறை இடித்தது.

சாயங்காலம் ஏரிக்கரையில் உட்கார்ந்து சொன்னான். பெரிதாக எதுவும் நடக்கவில்லை, அதுதான் விஷயம். யாரும் அடிக்கவில்லை, யாரும் திட்டவில்லை. முதல் நாள் ஒவ்வொருவராக எழுந்து பெயர், ஊர், படித்த பள்ளி சொல்ல வேண்டும். தாமல் என்றான். அந்தப் பக்கத்துப் பையன் ஒருவன் சிரித்துக்கொண்டே கேட்டான்: "தாமல்ல எங்க? கோயில் பக்கமா, உள்ள போவணுமா?" இவன் ஏரிப் பக்கம் என்றான். அவ்வளவுதான். கேட்டவனுக்கு விடை கிடைத்துவிட்டது. மறுநாள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரில் ஒருவன் இடம் மாறினான். மூன்றாவது வாரம் அலுவலகத்திலிருந்து ஒருவர் வகுப்புக்குள்ளேயே வந்தார். கையில் தாள். "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பசங்கள்லாம் எழுந்து நில்லுங்க." ஏழு பேர் நின்றார்கள். அறுபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். சாதிச் சான்றிதழை உறையில் போட்டு ஒட்டி, மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கிப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொள்கிற அலுவலகம், அதைக் காப்பாற்றுகிற லட்சணம் இது.

அதற்குப் பிறகு அவன் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டான். பஸ் ஸ்டாண்டில் நேரம் போக்கிவிட்டு, மணி அடித்து வராண்டா காலியான பிறகு உள்ளே போவான். வகுப்பு முடிந்ததும் முதல் ஆளாக வெளியே. யாரும் பக்கத்தில் வந்து பேசுகிற சந்தர்ப்பமே இருக்காது.

இதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கதையை நான் முன்பே படித்திருக்கிறேன். நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்து மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1891இல் பறையர் மகாஜன சபை, 1893இல் 'பறையன்' பத்திரிகை, 1930இல் அம்பேத்கரோடு இலண்டன் வட்டமேசை மாநாடு. அவர் 1939இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற சின்னப் புத்தகத்தில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றிச் சொல்கிறார். சுமார் 400 மாணவர்கள், பத்துப் பேர் போக மீதி எல்லோரும் பார்ப்பனர்கள். சினேகம் வைத்துக்கொண்டால் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் தெரிந்துவிடும், தாழ்வாக நடத்துவார்கள் என்று பயந்து, வெளியே எங்காவது படித்துக்கொண்டிருந்துவிட்டு மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். விட்டதும் மற்றவர்கள் எட்ட முடியாதபடி விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்துவிடுவாராம்.

அந்தப் புத்தகத்தை என் வீட்டுப் பையன் படித்ததில்லை. ஆனாலும் அதே தந்திரத்தை அவனாகவே கண்டுபிடித்திருக்கிறான். நூறாண்டுக்கும் மேல் தாண்டி வந்திருக்கிறோம் என்று மேடையில் பேசுகிற தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒரு வித்தியாசமும் இருக்கிறது. சீனிவாசன் காலத்து மணி அவரை உள்ளே விட்டது. இன்றைய மணி கணக்கு எழுதுகிறது. இவன் கல்லூரியில் மூன்று தாமதம் ஒரு நாள் வருகைக் குறைவு. 75 சதவீதத்துக்குக் கீழே போனால் அபராதம் கட்டி அனுமதி வாங்க வேண்டும், இன்னும் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வே இல்லை. அவனுக்கு 61. பதிவேட்டில் என்ன இருக்கும்? 'ஒழுங்கீனம், ஆர்வமின்மை.' நாளைக்கு அவன் நின்றுவிட்டால் 'இடைநிற்றல், குடும்பச் சூழல்' என்று இன்னொரு பதிவேட்டில் ஏறும். சாதி என்ற சொல் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

இதில் எனக்கு ஒரு பங்கு உண்டு, அதை மறைத்துவிட்டு மற்றவர்களைச் சாட யோக்கியதை இல்லை. ஜூனில் அவனை உட்கார வைத்து நான்தான் சொன்னேன்: "ஊரு கேட்டா காஞ்சிபுரம்னு சொல்லு, போதும். அனுசரிச்சுப் போ. பழகிடும்." நான் அப்படித்தான் பட்டம் வாங்கினேன். காஞ்சிபுரம் என்றதும் "ஓ, பட்டா? வீட்டில் தறியா?" என்பார்கள். ஆமாம் என்பேன். பொய் இல்லை. என் அப்பா ஒன்பது வயதில் முன்பணத்துக்கு அடகாகத் தறிக்குழியில் இறங்கியவர், மாஸ்டர் வீவர் வீட்டில் பத்து வருஷம் நாடா எடுத்துக் கொடுத்தவர். கேட்டவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டார்கள். நினைக்கட்டும் என்று விட்டேன். மூன்று வருஷம் பட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். ஒரு நண்பனையும் வீட்டுக்கு அழைத்து வந்ததில்லை. அம்மா ஒரு முறை மறந்துபோன டிபன் பாக்ஸைக் கொடுக்கக் கல்லூரி வாசலுக்கு வந்தபோது, சுவர் ஓரமாக இழுத்துப் போய் வாங்கிக்கொண்டேன். என் முதல் கவிதையைப் புனைபெயரில் அனுப்பினேன். இலக்கிய நண்பர்கள் அதை ஏதோ கலகம் என்று எடுத்துக்கொண்டார்கள். பயம்.

ஆக, 'பழகிடும்' என்று நாம் சொல்வதற்கு அர்த்தம் என்ன? மற்றப் பிள்ளைகளுக்குப் பழகுவது என்றால் நாலு பேரோடு சேர்வது. நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுப்பது நாலு பேரிடமிருந்து மறைவது. இரண்டுக்கும் ஒரே வார்த்தை. இந்த மோசடியைச் சாதி இந்துக்கள் மட்டும் செய்யவில்லை. அரசு வேலையில், வங்கியில், ஆசிரியர் பணியில் உட்கார்ந்துவிட்ட நாம் செய்கிறோம். அன்பினால்தான் செய்கிறோம், அதனால் இன்னும் ஆபத்து.

ராகிங் என்றால் எல்லோருக்கும் உடனே புரிகிறது. 1996இல் நாவரசு கொலையைப் பார்த்து நாடே அதிர்ந்தது, 1997இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. ரோகித் வெமுலா 2016 ஜனவரியில் செத்த பிறகு, அதே ஆண்டில், சாதியைக் காட்டி ஒரு மாணவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்குவதும் ராகிங்தான் என்று யூஜிசி தன் விதிகளில் சேர்த்தது. நல்லது. ஆனால் சிரித்துக்கொண்டே 'கோயில் பக்கமா, உள்ள போவணுமா' என்று கேட்பது எந்த விதியில் வரும்? புகார் எழுதிப் பாருங்கள், எழுதும்போதே உங்களுக்கே சிரிப்பு வரும். ஐஐடியில் இதே கேள்விக்கு வேறு உடுப்பு: 'உன் ரேங்க் என்ன?' மும்பை ஐஐடியில் முதலாண்டு படித்த தர்ஷன் சோலங்கி, அகமதாபாத்துப் பையன், சேர்ந்து நாலு மாதம்கூட முடியாமல் 2023 பிப்ரவரி 12 அன்று செத்துப்போனான். சாதியால் ஒதுக்கினார்கள் என்றது குடும்பம். நேரடிச் சாதிப் பாகுபாட்டுக்கு ஆதாரமில்லை, படிப்பில் பின்தங்கியது காரணமாக இருக்கலாம் என்றது நிறுவனத்தின் குழு. அந்த ஆண்டு ஜூலையில் அதே நிறுவனம், சக மாணவரிடம் நுழைவுத்தேர்வு ரேங்க் கேட்பது முறையல்ல என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. கேள்வியில் விஷம் இல்லை என்றால் அதை ஏன் தடுக்கிறீர்கள் ஐயா?

கல்லூரி யாருக்காகக் கட்டப்பட்டது என்பதை மறந்துவிட்டுப் பேச முடியாது. பச்சையப்பர் அறக்கட்டளையின் சென்னைக் கல்லூரி 1842இல் தொடங்கியது. ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்கு அதன் கதவு திறக்க 1920களின் பிற்பகுதி ஆயிற்று. அதுவும் போராடித்தான். கதவு திறந்தது. பெஞ்ச் இன்னும் திறக்கவில்லை.

இனி என் தொழில் சம்பந்தப்பட்டதைச் சொல்கிறேன், இதில் எனக்கு யாரும் பாடம் நடத்த முடியாது. முதல் மாதங்களில் நம் பிள்ளைகளை விரட்டுவதில் பாதி வேலையைப் பணம் செய்கிறது. 1944இல், அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், தொடங்கிய உதவித்தொகை இது. தமிழ்நாட்டில் 2012 செப்டம்பர் 11 தேதியிட்ட அரசாணை 92 இருக்கிறது. வருமான வரம்புக்குள் வரும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்குத் தனியார் சுயநிதிக் கல்லூரியிலும் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும். அப்படியிருந்தும் கவுண்டரில் 'மொதல்ல நீ கட்டு, அரசாங்கம் குடுத்தா திருப்பித் தர்றோம்' என்கிறார்கள். அப்பன் கம்மலை அடகு வைக்க எங்கள் வங்கிக்கே வருகிறான். நகைக்கடன் சீட்டை எழுதுவது நான்.

பையன் விஷயத்துக்கு வருவோம். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வர வேண்டும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். வரவில்லை என்றான். 'பேரு லிஸ்ட்ல இல்ல போல' என்று விட்டுவிட்டானாம். நான் பார்த்தேன். ஆதாரைக் கடைசியாக எந்த வங்கியோடு பணப் பரிமாற்றத்துக்கு இணைத்தோமோ அங்கேதான் அரசுப் பணம் விழும். கைபேசிக் கடையில் கைரேகை வைத்து ஒரு கணக்கு திறந்திருக்கிறான், அதையே மறந்துவிட்டான். பணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் திறந்த பழைய கணக்கை ஒரு கிளையில் 'செயல்படாக் கணக்கு' என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கை இரண்டு வருஷம் வரவு செலவு இல்லை என்பதற்காக அப்படி வகைப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. கவுண்டரில் இருப்பவர்களில் எத்தனை பேர் அதைப் படித்தார்கள்? நானே சுற்றறிக்கை வந்து பல மாதம் கழித்துத்தான் படித்தேன்.

உத்தரப்பிரதேசத்தில் ஒரு தினக்கூலியின் மகன் 2024இல் 17,500 ரூபாயைக் கெடு நேரத்துக்குள் கட்ட முடியாமல் தன்பாத் ஐஐடி இடத்தை இழந்தான். உச்ச நீதிமன்றம் வரை போய், செப்டம்பர் 30இல் தீர்ப்பு வாங்கி உள்ளே போனான். எல்லாப் பிள்ளையும் உச்ச நீதிமன்றம் போக முடியுமா? நம் தெருவில் ஒருவன் கூடப் போய் ஒரு படிவத்தில் ஒரு டிக் போட்டிருந்தால் போதும் என்கிற இடத்தில்தான் பாதிப் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

இயக்கத் தோழர்களைக் கேட்கிறேன். ஏப்ரல் 14 அன்று நோட்டுப் புத்தகம் கொடுக்கிறோம். டிசம்பர் 6 அன்று மாலை போடுகிறோம். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை எங்கே போகிறோம்? அந்த மாதங்களில்தான் சத்தமில்லாமல் நம் பிள்ளைகள் கம்பெனி வண்டி ஏறுகிறார்கள். ஒருவன் தூக்கில் தொங்கினால் கண்டன ஆர்ப்பாட்டத்துக்கு எல்லோரும் வருகிறோம், போஸ்டர் அடிக்கிறோம். வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்ன அன்று அந்தக் கல்லூரி முதல்வர் அறையில் போய் நாலு பேர் நின்றிருந்தால்? அந்த ஏழு பேரும் அன்று சாயங்காலம் ஒன்றாக ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தால்? அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை என்றான் பையன். 'பாத்தா மத்தவனுக்கு ஒண்ணாத் தெரியும் சித்தப்பா.' பழகிடும் என்று நாம் சொன்ன பாடத்தின் பலன் இது.

உடனே ஒரு நண்பர் கேட்பார்: அப்படியானால் முதல் நாளே சட்டையைக் கழற்றிச் சாதியைச் சொல்லிக்கொண்டு திரியச் சொல்கிறாயா? பிள்ளை அடிபட்டால் நீ வருவாயா? நியாயமான கேள்வி. சொல்வதும் சொல்லாததும் அந்தப் பிள்ளையின் இஷ்டம். பதினெட்டு வயதில் தன்னந்தனியாக அந்தப் பாரத்தைத் தூக்கு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒளிந்துகொள் என்று இனி என் வாயால் சொல்ல மாட்டேன். கூச்சப்பட வேண்டியவன் கேட்கிறவன்.

போன மாதம் அவனோடு கல்லூரிக்குப் போனேன். அலுவலகத்தில் என் வங்கி அடையாள அட்டையைப் பார்த்ததும் நாற்காலி போட்டார்கள். அவனை நிற்க வைத்தே பேசினார்கள். நானும் எழுந்து நின்றேன். பட்டியலை வகுப்பில் வாசிக்கக் கூடாது, கைபேசிக்குத் தகவல் அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். முத்திரை போட்டு வாங்கிக்கொண்டார்கள். வருகைக் குறைவுக்கு மனு கொடுத்திருக்கிறோம். முடிவு இன்னும் வரவில்லை. பையன் இப்போது போகிறான். மணிக்கு முன்னால் போகிறானா பின்னால் போகிறானா என்று நான் கேட்கவில்லை. அந்த ஏழு பேரில் இன்னொருவன் அவளூர் பக்கம், ஒரே பஸ்ஸில் வருகிறார்கள் என்று மட்டும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தாமல் காலனிப் படிப்பகத்தில் நான் இருப்பேன். முதலாண்டுப் பிள்ளைகள் ஆதார் அட்டை, பாஸ்புக், கல்லூரி கொடுத்த ரசீது எல்லாவற்றையும் எடுத்து வரட்டும். இரண்டாம், மூன்றாம் ஆண்டுத் தோழர்கள் நாலைந்து பேர் கூட வந்தால் படிவம் நிரப்பத் தோதாக இருக்கும். பேனா கொண்டு வாருங்கள், படிப்பகத்தில் இருப்பவை எழுதுவதில்லை.