மீற்றர் யார் பக்கம் திரும்பியிருக்கு?

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எலக்ட்ரானிக் மீற்றர் பூட்டலாமா, கூடாதா? ஸ்பிரிங்வெளி லயத்தில் வளர்ந்து கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு இதில் என்ன கருத்து என்று கேட்பீங்க. நியாயமான கேள்விதான். எங்களில் யார் வீட்டிலும் கார் இல்லை. ஆனால் போன விடுமுறையில் பதுளையில் ஒரு கராஜில் நாலு நாள் உட்கார்ந்து பார்த்த பிறகு, இது காரை மட்டும் பற்றிய விஷயம் இல்லை என்று தோன்றியது.

கார் ஒரு எம்ஜி மிட்ஜெட். 1275 சிசி, இரண்டு எஸ்யூ கார்பரேட்டர். கொழும்பில் டியூன் பண்ணி பண்டாரவளைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். வந்த நாளிலிருந்து கறுப்புப் புகை. ஓனர் ஒக்சிஜன் சென்சர், ஒயில் பிரஷர் சென்சர், ஒரு சின்ன திரை எல்லாம் வாங்கி வந்திருந்தார். எங்கள் கூட்டத்தில் ஒருவன் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டே அந்தக் கராஜில் பயிற்சி எடுக்கிறான். பூட்டுகிற வேலை அவனுக்கு. கராஜ் பாஸுக்கு அறுபது தாண்டிவிட்டது. "இதுக்கு எதுக்குடா இத்தனை வயர்? காது இருக்குதானே?" என்றார்.

கறுப்புப் புகைக்குக் காரணம் எளிது. கார்பரேட்டருக்கு மலை தெரியாது. 1,000 மீற்றர் ஏறினால் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறையும். பெற்றோல் மட்டும் அந்த அளவுக்குக் குறையாது. கொழும்பில் சரியாக இருந்த கலவை, 1,200 மீற்றரில் இருக்கிற பண்டாரவளையில் பெற்றோல் கூடிப்போன கலவை. 1976இல் வொல்வோ காரில் ஒக்சிஜன் சென்சர் வந்த பிறகு, புகைக்குழாயில் என்ன நடக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் செய்தி போகத் தொடங்கியது. கம்ப்யூட்டர் பெற்றோலைக் கூட்டும், குறைக்கும். பழைய காரில் செய்தி சொன்னாலும் கேட்க ஆள் இல்லை. அதனால் அங்கே சென்சர் எதையும் திருத்தாது, எண்ணை மட்டும் காட்டும். திருத்துவது கைதான்.

இதில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, "பழைய காரில் கைவைக்காதே, அழகு கெடும்" என்கிறது. இன்னொன்று, "கார்பரேட்டரையே கழற்றி எறி" என்கிறது. நாங்கள் இரண்டிலும் இல்லை. சென்சருக்குத் தேவை புகைக்குழாயில் ஒரு துளை, அவ்வளவுதான். பழைய குழாயைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு வேறு குழாயில் துளை போடலாம். ஒயில் பிரஷருக்கு ஒரு டி-மூட்டு போட்டால் பழைய முள் மீற்றரும் அப்படியே வேலை செய்யும். ஆனால் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பற்றரியின் பொசிட்டிவ் பக்கம்தான் பொடியில் இருக்கும். அதைப் பார்க்காமல் வயர் கொடுத்தால் கருவி கருகிவிடும். இக்னிஷன் கொயிலிலிருந்து நேரே சிக்னல் எடுத்தாலும் அதே கதிதான், அங்கே நூற்றுக்கணக்கான வோல்ட் பாயும்.

பூட்டி முடிந்தது. எஞ்சின் சும்மா ஓடும்போது 11.4 என்று காட்டியது. ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது முழுதாய் எரிகிற கணக்கு. எண் குறைந்தால் பெற்றோல் கூட. பாஸ் இரண்டு கார்பரேட்டரின் ஜெட் நட்டையும் கொஞ்சம் திருப்பினார். 13.2 வந்தது. எங்கள் பையனுக்குச் சந்தோஷம். பாஸ் மட்டும் ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டு கார்பரேட்டரின் வாயிலும் மாறி மாறிக் கேட்டார். "முன்னுக்கு உள்ளது ஜாஸ்தி குடிக்குது. பின்னுக்கு உள்ளது பட்டினி" என்றார். பிளக்கைக் கழற்றினோம். முன் இரண்டும் கறுப்பு, பின் இரண்டும் வெள்ளை. சென்சர் பொய் சொல்லவில்லை. இரண்டும் சேர்கிற குழாயில் இருந்ததால் சராசரியைச் சொன்னது. பாதி பட்டினி, பாதி கொழுப்பு, சராசரி நல்லது! பொருளியல் படிக்கிற எங்கள் தோழி அந்த இடத்திலேயே சிரித்துவிட்டாள்.

மறுநாள் பாஸின் காதுக்கும் ஒரு பாடம். ஸ்பிரிங்வெளி ரோட்டில், நமுனுகுல பக்கம் ஏறுகிற வளைவுகளில் காரை விட்டோம். ஏற்றம் நீளும்போது எண் மெல்ல மெல்ல 16க்குப் போனது. காற்றுச் சத்தத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பெற்றோல் ஃபில்டர் பாதி அடைத்திருந்தது. கராஜில் நின்றபடி கேட்கிற எந்தக் காதுக்கும் அது பிடிபட்டிருக்காது. அப்படியே பாரத்தில் ஏறியிருந்தால் பிஸ்டன் உருகியிருக்கவும் கூடும். பாஸ் திரையை எட்டிப் பார்த்து, "சரி, இது இருக்கட்டும்" என்றார்.

எட்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஏனென்றால் திரை ஓனரின் சீட்டைப் பார்த்து இருந்தது.

அந்த இடத்தில்தான் எங்களுக்கு உறைத்தது. மலையகத்தில் அளவுகருவிக்குப் பஞ்சமில்லை. கொழுந்து நிறுக்கிற தராசு நூற்றாண்டுக்கு மேலாக இருக்கிறது. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கிலோவைக் கழிக்கிற கதை கேட்காத லயப் பிள்ளை உண்டா? தராசு எலக்ட்ரானிக் ஆனாலும், அதைப் பார்த்து எழுதுகிற கை மாறவில்லை. நுவரெலியாவுக்கு மேலே மகஸ்தோட்டையில் 1934இலிருந்து மலையேற்ற கார் பந்தயம் நடக்கிறது. வென்றவர்களின் பெயர்கள் பதிவில் இருக்கின்றன. மலைக்காற்றுக்கு ஏற்றபடி அந்த கார்பரேட்டர்களைத் திருப்பிய கைகளின் பெயரை நாங்கள் எங்கேயும் வாசித்ததில்லை.

அதனால் எங்கள் கருத்து இதுதான். மீற்றரைப் பூட்டுங்க. ஆனால் வேலை செய்கிறவருக்குத் தெரிகிற மாதிரி பூட்டுங்க. எண்ணை மட்டும் சேமிக்காதீங்க, அந்த நேரம் பாஸ் என்ன கேட்டார், என்ன மணந்தது, பிளக் என்ன நிறம் என்பதையும் பக்கத்தில் எழுதுங்க. 11.4 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் "ஜாஸ்தி குடிக்குது" என்று இருந்தால்தான் அடுத்த பையன் இரண்டையும் படிப்பான். இல்லாவிட்டால் பாஸ் போகும்போது அவர் காதும் போய்விடும், எண் மட்டும் மிஞ்சும்.

இது பணக்காரர் விளையாட்டு என்று சொல்வீங்க. கார் வேண்டுமானால் அப்படி இருக்கலாம், படிப்பு அப்படி இல்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அத்தனை வருசமும் இந்த நாடு பழைய எஞ்சின்களை வைத்துத்தான் ஓடியது. 2022இல் கியூஆர் கோட்டில் ஆட்டோவுக்கு வாரம் 5 லீற்றர் கொடுத்தபோது, கறுப்புப் புகையாய்ப் போன ஒவ்வொரு சொட்டும் ஒரு வீட்டின் சோறு. அதே கார்பரேட்டர் தத்துவம்தான் நம்ம ஸ்டாண்டில் நிற்கிற ஆட்டோவிலும் இருக்கிறது. ஒரு சென்சரை ஒவ்வொரு ஆட்டோவிலும் பூட்ட முடியாது. ஆனால் கராஜில் ஒன்றை வைத்து, வருகிற ஆட்டோவை எல்லாம் பார்த்து அனுப்பலாம்.

எங்களுக்கு வெல்டிங் வராது. எழுத வரும். அந்தக் கராஜில் இப்போது ஒரு சிஆர் கொப்பி தொங்குகிறது. இடது பக்கம் எண், வலது பக்கம் பாஸ் சொன்னது. இதுவரை ஒன்பது பக்கம் நிறைந்திருக்கிறது. திரையையும் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டோம். ஓனர் ஒன்றும் சொல்லவில்லை.