கெரிஸ் வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியது

கெரிஸ் கத்தியொன்று கைக்கு வந்ததும் நம்மில் பலர் அலகின் வளைவுகளைத்தான் எண்ணத் தொடங்குகிறோம். பதின்மூன்று என்றால் விலை ஏறிவிடுகிறது. வளைவுகள் ஒற்றைப்படையில் அமைவது ஜாவாவின் மரபு. அருமைக்கு அது அளவுகோல் அல்ல. நேரான அலகுடைய கெரிஸ்களிலும் முதல்தர வேலைப்பாடு உண்டு.

பாமோரை விளிம்பில் பாருங்கள். இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் மடித்து மடித்து அடித்ததில் பிறக்கும் கோலம் அது. உண்மையானதென்றால் அந்த அடுக்குகள் விளிம்பிலும் வரிவரியாக ஓடும். அமிலம் ஊற்றி வரைந்த கோலம் மேற்பரப்போடு நின்றுவிடும். அடுத்தது பிடி. நெடுங்காலம் புழங்கிய பிடியில் உள்ளங்கை படும் மேடுகள் மழுங்கியிருக்கும், செதுக்கலின் பள்ளங்கள் கூர்மையாகவே இருக்கும். எல்லா இடமும் ஒரேயளவு தேய்ந்து, ஒரேயளவு கறுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஜாவா அலகுக்குப் பாலிப் பிடியும் வேறெங்கோ கிடைத்த உறையும் மாட்டி ஒரே கத்தியென விற்பதும் நடக்கிறது. பளபளப்பாக்குகிறோம் என்று அலகை உரஞ்சிவிடாதீர்கள். போன பாமோர் திரும்பி வராது.

இவ்வளவும் கண்ணால் தேறுபவை. வந்த வழியைக் கண்ணால் காண முடியாது. டச்சு அரசு 2020 மார்ச்சில் இந்தோனேசியாவிடம் திருப்பிக் கொடுத்த ஜாவா இளவரசர் திபோநெகோரோவின் கெரிஸ் லைடன் அருங்காட்சியகத்திலேயே இருந்தது. ஆனால் எது அவருடையதென்று நெடுங்காலம் தெரியவில்லை. பழைய ஆவணங்களைக் கொண்டே இனங்கண்டார்கள். அப்போதும், வடிவம் அந்தக் கெரிசின் பெயரோடு பொருந்தவில்லையென்று சில வல்லுநர்கள் ஐயம் எழுப்பினர். அரசகுலக் கத்திக்கே இந்த நிலை.

இலங்கைக்கும் கெரிசுக்கும் உறவு பழையது. ஒல்லாந்தர் 1708இல் மூன்றாம் அமங்குராட் மன்னரை ஜாவாவிலிருந்து இங்கே நாடுகடத்தினார்கள். பின்னாளில் பிரித்தானியரின் படையில் மலாய் வீரர்கள் பணியாற்றினார்கள். அந்தப் படைப்பிரிவு 1873இல் கலைக்கப்பட்டது. மலாய்க் குடும்பத்திலிருந்து வந்ததாகச் சொல்லி ஒரு கத்தியை விற்க வந்தால், எந்த ஊர், எந்தத் தலைமுறை, யார் கொடுத்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அதையும் குறித்து வையுங்கள்.

வலிகாமம் வடக்கின் மயிலிட்டியை நினைக்கும்போது, வந்த வழி பற்றிய இந்தக் கேள்வி கனக்கிறது. 1990 யூனில் போரால் சனம் இடம்பெயர்ந்தது. துறைமுகப் பகுதி இராணுவத்திடமிருந்து விடுபட்டது 2017 யூலையில். அந்த இருபத்தேழு வருடத்தில் வீடுகள் அழிந்தன. எழுத்தாணி, பாக்குவெட்டி, பரம்பரைக் கத்தி என்று கையோடு எடுத்துச் சென்றவை ஊரூராகக் கைமாறின. எந்த வீட்டுப் பொருள் எதுவென்று அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். வலிகாமம் வடக்குப் பொருளொன்று விலைக்கு வந்தால், அதன் உரிமைக்கார வீட்டைத் தேடுவது நம் கடமை. அதை அறியாமல் வாங்குவது சேகரிப்பல்ல என்பதே எமது நிலைப்பாடு. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கப் பண்பாட்டுச் சொத்துச் சட்டப்படி, இத்தகைய பொருள்களை அனுமதிப்பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவும் கூடாது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்களிடம் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அட்டை எழுதுங்கள். யாரிடமிருந்து வந்தது, எந்த ஊர், எந்த வீடு, எந்த ஆண்டு என்பவை முதலில் வரட்டும்; நீளமும் விலையும் கடைசியில். மயிலிட்டிப் பெரியவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால், இந்த மாதமே அவர்களிடம் போய்க் கேளுங்கள்.