விரட்டியவர்கள் மக்கள், விலை பேசியவர்கள் அந்நியர்

எங்கே ஜனங்கள் கொதித்தெழுந்தாலும், "இது அந்நியர் தூண்டுதல்" என்று ஆள்வோர் கூச்சலிடுவது வழக்கம். எகிப்தை 30 ஆண்டுகள் ஆண்ட முபாரக்கின் ஆட்களும் 2011-ல் இதையே கூவினார்கள். உண்மை என்ன, தோழர்களே?

முபாரக்கின் ராணுவத்துக்கு ஆண்டுதோறும் 130 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்கா. அவரை எதிர்த்து எழுந்தவர்களோ பாட்டாளிகள். 1992-ல் வந்த சட்டம், 1997 முதல் குத்தகை விவசாயிகளை நிலத்தைவிட்டு விரட்ட வழி செய்தது. 2006 டிசம்பரில் மஹல்லா பஞ்சாலையின் 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் போனஸ் கேட்டு இயந்திரங்களை நிறுத்தினர். பெண்களே முதலில் வெளியே வந்தனர். 2011 ஜனவரி 25-ல் மூண்ட கிளர்ச்சி, பிப்ரவரியில் பஸ், ஆலை, சூயஸ் கால்வாய் கம்பெனித் தொழிலாளரின் வேலைநிறுத்தமாக விரிந்தது. 18-ம் நாள் முபாரக் வீழ்ந்தார்.

ஆனால் ஆள் போனாரே தவிர, அதிகாரம் தளபதிகளிடமே நின்றது. விரைவிலேயே வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. 2012-ல் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மூர்சியை 2013 ஜூலை 3-ல் ராணுவம் கவிழ்த்தது. மூர்சிமேல் லட்சக்கணக்கானோருக்குக் கோபம் இருந்தது மெய்தான். அந்தக் கோபத்தின் முதுகில் ஏறித்தான் தளபதிகள் வந்தார்கள். சில நாட்களுக்குள் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு நாடுகள், குவைத் ஆகிய மூன்று முடியாட்சிகளும் 1200 கோடி டாலர் தருவதாக அறிவித்தன. நடந்தது ராணுவச் சதி என்று சொல்லவே அமெரிக்கா மறுத்தது. ஆகஸ்ட் 14 அன்று கெய்ரோவில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் சுடப்பட்டு மாண்டனர்.

2016-ல் சர்வதேச நாணய நிதியத்திடம் 1200 கோடி டாலர் கடன். அதற்காக எகிப்து பவுனைச் சந்தையில் விட்டார்கள்; சில வாரங்களில் அதன் மதிப்பு பாதியாயிற்று. எரிபொருள் விலை ஏறிற்று. கூலி கரைந்தது.

அந்நியன் துப்பாக்கியோடு வரவேண்டியதில்லை. பணப்பையோடு வந்தால் போதும். ஆனால் அந்தப் பையை வாங்கிக்கொள்ள உள்ளூரில் ஒரு கை வேண்டும். எகிப்தில் அது தளபதிகளின் கை. அதைத் தடுக்கும் பலம் தொழிலாளரிடம் ஏன் இல்லை? பழைய சங்க சம்மேளனம் சர்க்காரின் பிடியில் இருந்தது. சுதந்திர சம்மேளனம் பிறந்ததே கிளர்ச்சியின் நடுவில், 2011 ஜனவரி 30-ல்தான்.

கொடுங்கோலனை விரட்ட 18 நாள் போதும். காலியான நாற்காலியில் இன்னொருவன் உட்காராமல் காக்கும் சங்கத்தையோ, கிளர்ச்சிக்குப் பல ஆண்டுகள் முன்பே ஆலை ஆலையாக, கிராமம் கிராமமாகக் கட்டியிருக்க வேண்டும்.