பெட்ரோலில் கரைந்திருக்கும் மானியம்

இந்திய உணவுக் கழகம் ஒரு குவிண்டால் அரிசியை வாங்கி, கிடங்கில் வைத்து, மாநிலங்களுக்கு அனுப்பிவைக்க ஏறத்தாழ 4,000 ரூபாய் செலவிடுகிறது. அந்த அரிசியை எத்தனால் ஆலைகளுக்கு 2,250 ரூபாய்க்குக் கொடுக்க 2025 ஜனவரியில் மத்திய அரசு முடிவெடுத்தது. ஒரு டன் அரிசியில் சுமார் 450 லிட்டர் எத்தனால் கிடைக்கும். கணக்குப் போட்டால், ஒவ்வொரு லிட்டருக்கும் 38 ரூபாய்க்கு மேல் மக்கள் வரிப்பணம் போகிறது. கிடங்கு நிரம்பி அரிசி வீணாவதற்கு இது மேல் என்கிறார்கள். அப்படியென்றால் ஏலம் விடலாமே? ஆலைகள் எவ்வளவு கொடுக்கத் தயார் என்பதாவது தெரிந்துவிடும்.

எத்தனாலால் பயனே இல்லை என்று சொல்ல முடியாது. உத்தரப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் கரும்பு விவசாயிகளுக்கு ஆலைகள் வைத்திருந்த நிலுவை குறைய அது உதவியது. கச்சா எண்ணெய் இறக்குமதிச் செலவும் ஓரளவு மிச்சமாகிறது. ஆனால் இதைச் சந்தையின் வெற்றி என்று கொண்டாடுவதை ஏற்க முடியாது. விலையை நிர்ணயிப்பது அரசு. வாங்குவதில் பெரும்பங்கு பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள். பெட்ரோலில் எவ்வளவு எத்தனால் கலக்க வேண்டும் என்பதும் அரசின் ஆணை. 2030-க்கு என்றிருந்த 20 சதவீத இலக்கு 2025-க்கு முன்கொண்டுவரப்பட்டது.

ஆணையில் ஓடும் தொழில் ஆணையில் நிற்கவும் செய்யும். வட்டி மானியத்தை நம்பி சர்க்கரை ஆலைகள் கோடிக்கணக்கில் கடன் வாங்கி எத்தனால் பிரிவுகளைக் கட்டின. 2023 டிசம்பரில், சர்க்கரை உற்பத்தி குறையும் என்ற அச்சத்தில், கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் தயாரிக்க அரசு திடீரெனத் தடை போட்டது. சில நாட்களில் தளர்த்தினாலும் ஒரு வரம்புக்குள்தான் அனுமதித்தது. அந்தப் பள்ளத்தை நிரப்ப மக்காச்சோளத்துக்குக் கூடுதல் விலை அறிவிக்கப்பட்டது. மக்காச்சோள எத்தனால் லிட்டருக்கு 71.86 ரூபாய். விளைவு, அதுவரை மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா 2024-ல் இறக்குமதி செய்யும் நாடானது.

நாமக்கல் கோழிப் பண்ணைகளில் தீவனத்தின் பெரும்பங்கு மக்காச்சோளம்தான். உறுதியான விலையும் உறுதியான கொள்முதலும் உள்ள எத்தனால் ஆலையோடு பண்ணைக்காரர் எப்படிப் போட்டியிடுவார்? மக்காச்சோளம் பயிரிட்டவருக்கு நல்ல விலை கிடைத்தது மகிழ்ச்சியே. அந்த விலையின் சுமை முட்டை வாங்கும் குடும்பத்தின் மேல் விழுகிறது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

வண்டி ஓட்டுபவரின் நிலை இன்னும் மோசம். எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதமும் இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்று 2021-லேயே நிதி ஆயோக் மதிப்பிட்டது. அதை ஈடுகட்ட, கலவை எரிபொருளைச் சாதாரண பெட்ரோலைவிடக் குறைந்த விலையில் விற்க வேண்டும் என்றும் அதே அறிக்கை பரிந்துரைத்தது. கலவை வந்துவிட்டது, விலைக் குறைப்பு வரவில்லை.

பிரேசிலிலும் கட்டாயக் கலப்பு உண்டு, அதுவும் 30 சதவீதம். ஆனால் அங்கே 2003 முதல் பெட்ரோல், எத்தனால் இரண்டிலும் ஓடும் கார்கள் விற்கப்படுகின்றன. பங்க்கில் தனி எத்தனாலும் கிடைக்கிறது. அதன் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதைப் போடுகிறார்கள், ஏறினால் பெட்ரோலுக்கு மாறுகிறார்கள். இங்கே குறைந்தபட்சம் பழைய வண்டிகளுக்கு 10 சதவீதக் கலவையைத் தனிக் குழாயில் விற்கலாம். உணவு மானியக் கணக்குக்குள் கரையும் அரிசிப் பணத்தை, எத்தனால் மானியம் என்றே பட்ஜெட்டில் தனி வரியாகக் காட்டலாம். இரண்டுக்கும் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.