ஊரை விற்றவர் யார்?

"பத்து வீட்டுக் குக்கிராமத்திற்காக ஒரு நாட்டின் மின்சாரத்தை நிறுத்தி வைக்க முடியுமா?" லுட்செராத் என்னும் ஜெர்மானியச் சிற்றூரைப் பற்றி நம் சங்கத்து அன்பர்கள் பேசிக்கொண்டிருந்தபோது எழுந்த கேள்வி இது. கேட்டவர் பொறியியல் பயில்பவர். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. விளக்கு எரிய வேண்டும். ஆலை ஓட வேண்டும். ஆயினும் அவ்வளவு எளிதில் வழக்கை முடித்துவிட என் மனம் ஒப்பவில்லை. அவ்வூர் சிறியதாக இருந்ததால் அழியவில்லை. அது அழிந்த முறையைப் பார்ப்போமானால், பெரிய ஊரும் அவ்வாறே அழியக்கூடும் என்பது விளங்கும்.

ஜெர்மனியின் மேற்குப் பகுதியில், எர்கெலென்ஸ் நகராட்சியைச் சேர்ந்ததாக இருந்தது லுட்செராத். அந்த வட்டாரத்தில் 'ராத்' என்று முடியும் ஊர்கள் பல உண்டு. காட்டை வெட்டித் திருத்திய நிலம் என்பது அதன் பொருள். நம் பக்கத்துக் 'காடுவெட்டி'யை நினைத்துக்கொள்ளுங்கள்! ஊரின் பெயர் ஏட்டில் முதன்முதலாகத் தென்படுவது 1168-இல். இங்கே சோழப் பேரரசு இன்னும் நிலைபெற்றிருந்த காலம். பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் 1802 வரை அங்கிருந்த பண்ணை ஒன்று பெண் துறவியர் மடத்தின் உடைமையாக இருந்தது. பிறகு உழவர் கைக்கு வந்தது. போர்கள் வந்தன, மன்னர்கள் மாறினர், நெப்போலியனும் வந்து போனான். அவ்வூர் மட்டும் கோதுமையும் சர்க்கரைக் கிழங்கும் விளைவித்துக்கொண்டே இருந்தது. அங்குள்ள வண்டல் போன்ற மென்மண் ஜெர்மனியின் மிக வளமான மண்களுள் ஒன்று.

அந்த நல்ல மண்ணின் அடியிலே பழுப்பு நிலக்கரி கிடந்தது. பழுப்பு நிலக்கரி என்றால் நமக்கு நெய்வேலி நினைவுக்கு வராமல் போகாது. நெய்வேலியில் மேல்மண்ணை வாரி எடுக்க, சக்கரத்தில் வாளிகள் கோத்த பெரும் இயந்திரங்களை ஜெர்மனியிலிருந்துதான் தருவித்தார்கள். அவ்வினத்தில் பூதம் போன்ற ஒன்று 1978-இல் குருப் நிறுவனம் கட்டியது. எடை 13,500 டன். 2001-இல் ஒரு சுரங்கத்திலிருந்து மற்றொன்றுக்கு 22 கிலோமீட்டர் தூரத்தை ஏறத்தாழ மூன்று வாரம் ஊர்ந்து கடந்தது. வழியில் ஆறு குறுக்கிட்டது, நெடுஞ்சாலை குறுக்கிட்டது. எல்லாவற்றுக்கும் வழி செய்து கொடுத்தார்கள். அந்த இயந்திரம் போய்ச் சேர்ந்த இடம் கார்ட்ஸ்வைலர் சுரங்கம். கார்ட்ஸ்வைலர் என்பதும் ஓர் ஊரின் பெயர்தான்! சுரங்கம் அவ்வூரை 1980களில் விழுங்கிவிட்டுப் பெயரை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டது.

சுரங்கத்தை மேற்கே விரிவாக்க 1995-இல் மாநில அரசு ஒப்புதல் அளித்தது. 2006-இல் லுட்செராத், அடுத்திருந்த இம்மெராத் முதலிய ஊர்களின் மக்கள் குடிபெயரத் தொடங்கினர். அவர்களுக்காக வேறோரிடத்தில் புதிய இம்மெராத் கட்டப்பட்டது. நல்ல வீடுகள், நல்ல தெருக்கள். கல்லறைகளையுங்கூட எடுத்துச் சென்றார்கள். பழைய இம்மெராத்தில் 1891-இல் கட்டி முடித்த இரட்டைக் கோபுரத் தேவாலயம் ஒன்று இருந்தது. அதை 2018 ஜனவரியில் இடித்தார்கள்.

இதில் சட்ட விரோதமான செயல் எது? எனக்கு ஒன்றும் தென்படவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் விலை பேசினார்கள், ஒவ்வொரு வயலுக்கும் பணம் கொடுத்தார்கள். மறுத்தவர் நிலத்தை எடுத்துக்கொள்ள 1980ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் இருந்தது. எல்லாரும் தத்தம் வீட்டை விற்றார்கள். ஆனால் ஊரை விற்றவர் யார்? அதற்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாத பொருளுக்கு விலையும் இல்லை. பக்கத்து வீட்டார் போய்விட்டால் என் வீட்டின் பாதி போய்விட்டது என்று ஒருவர் சொன்னால், அந்தப் பாதியை எந்த மதிப்பீட்டாளர் அளப்பார்? முதல் பத்துப் பேர் கையெழுத்திட்டதும் பதினோராமவரின் மறுப்பு வெறும் பிடிவாதமாகத் தோன்றுகிறது. லுட்செராத்தின் கதையில் என்னை உறுத்துவது இதுதான்.

இந்தக் கேள்வி ஜெர்மானிய அரசியலமைப்பு நீதிமன்றத்தின் முன்பும் சென்றது. அப்பகுதிவாசி ஒருவர், தம் தாயகத்தில் தங்கியிருக்கும் உரிமை தமக்கு உண்டு என்று வாதாடினார். 2013 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. தாயகத்துக்கென்று தனி உரிமை இல்லை. ஆனால் வீட்டைச் சூழ்ந்து வளர்ந்த உறவுகளையும் சீர்தூக்கிப் பார்த்தே அரசு முடிவு செய்யவேண்டும், மக்கள் தொடக்கத்திலேயே வழக்காட வழி இருக்கவேண்டும் என்றது நீதிமன்றம். அதே தீர்ப்பில், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றின் பழத்தோட்டத்தை எடுத்துக்கொண்டது அரசியலமைப்புக்கு முரணானது என்றும் கூறியது. நல்ல தீர்ப்பு! ஆனால் அத்தோட்டத்தின் மரங்களை 2008-லேயே வெட்டியாயிற்று.

லுட்செராத்தில் கடைசியாக எஞ்சி நின்றவர் ஓர் உழவர். அக்குடும்பத்தில் நான்காம் தலைமுறை. அவரும் நீதிமன்றம் ஏறினார். 2022 மார்ச்சில் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. அவ்வாண்டே நிலத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறினார். அக்டோபரில் அரசும் நிறுவனமும் ஓர் உடன்பாடு செய்தன: அப்பகுதியில் பழுப்பு நிலக்கரியை 2038-க்குப் பதில் 2030-லேயே விட்டுவிடுவது; கையன்பெர்க் முதலிய ஐந்து ஊர்களைக் காப்பது; லுட்செராத்தைத் தோண்டுவது. உடன்பாட்டில் கையெழுத்திட்ட அமைச்சர்கள் பசுமைக் கட்சியினர். உக்ரைன் போரால் எரிவாயுத் தட்டுப்பாடு நெருக்கிய ஆண்டு அது. எட்டாண்டு முன்னதாக நிறுத்துவது சிறு பயன் அன்று. அவர்களைத் துரோகிகள் என்று ஏச நான் விரும்பவில்லை. ஆனால் காப்பாற்றிய ஐந்து ஊர்களின் நிலையைப் பாருங்கள். மக்களுள் பெரும்பாலோர் ஏற்கெனவே வீடுகளை விற்றுவிட்டுப் புதுக் குடியிருப்புக்குப் போய்விட்டனர். வீடுகள் பிழைத்தன. ஊர் பிழைத்ததா?

2020 முதல் இளைஞர்கள் லுட்செராத்தில் மரங்களின்மேல் குடில் கட்டி வாழ்ந்தார்கள். அவர்களுள் நம்மைப் போன்ற மாணவர் பலர். 2023 ஜனவரி 11ஆம் நாள் காவல் துறை பெரும் படையுடன் நுழைந்தது. 14ஆம் நாள் பல்லாயிரவர் சேற்று வயல்களில் ஊர்வலம் வந்தனர். கிரேட்டா துன்பர்க்கும் வந்தார். சுரங்கவழி தோண்டி அதனுள் இருந்த இருவர் 16ஆம் நாள் வெளியே வந்தனர். அத்துடன் எல்லாம் முடிந்தது. அம்மாணவர்களின் துணிவை மதிக்கிறேன். எனினும் ஒன்று சொல்லத்தான் வேண்டும்: அவர்கள் வந்தபோது ஊரார் பெரும்பாலும் போய்விட்டிருந்தனர். அவர்கள் காத்து நின்றது இடத்தை. பாதுகாப்புத் தேவைப்பட்ட நேரம் 1995. அப்போது அவர்களில் பலர் பிறக்கவே இல்லை! இனி அந்தப் பள்ளத்தை ரைன் ஆற்று நீரால் நிரப்பி ஏரியாக்கப் போகிறார்கள். நிரம்பப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இது அயல்நாட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2023 ஜூலையில் நெய்வேலியை அடுத்த வளையமாதேவியில், வளர்ந்து நின்ற நெற்பயிரின்மீது மண்வாரி இயந்திரங்கள் ஓடின. நிலத்துக்கு முன்பே பணம் கொடுத்தாயிற்று என்பதே அங்கும் மறுமொழி.

ஊரை ஒரு கட்சிக்காரராக வைத்துக் கேட்கவே முடியாதா? முடியும், நம் நாட்டிலேயே கேட்டிருக்கிறார்கள். ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் தோண்ட வேண்டுமா என்பதைக் கிராம சபைகளே சொல்லட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது. பன்னிரண்டு ஊர்களில் சபை கூடிற்று. லுட்செராத்தைப் போன்ற சிற்றூர்கள்தாம் அவை. பன்னிரண்டும் 'வேண்டாம்' என்றன. 2014 ஜனவரியில் மத்திய அரசு அனுமதி மறுத்தது. வீடு வீடாக விலை பேசியிருந்தால் இம்முடிவு வந்திருக்குமா என்பது ஐயமே.

ஆனால் நியாம்கிரிக்குக் கைகொடுத்தது பழங்குடியினரின் வன உரிமைச் சட்டம். உழவர் ஊர்களுக்கு அந்த வலிமை இல்லை. 2013ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டம் தனியார் திட்டங்களுக்கு எண்பது விழுக்காட்டுக் குடும்பங்களின் இசைவைக் கேட்கிறது. அதுவும் குடும்பம் குடும்பமாக எண்ணும் கணக்கே. நிலக்கரிக்காக நிலம் எடுக்கும் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த இசைவுங்கூட இல்லை.

ஆகவே, "சுரங்கத்துக்காக எந்த ஊரை எடுப்பதாயினும், முதல் வீட்டுக்கு விலை பேசுமுன் அவ்வூர்க் கிராம சபையின் இசைவைப் பெறுதல் கட்டாயம்" என்னும் தீர்மானத்தை நம் சங்கத்தின் அடுத்த சொற்போருக்கு முன்மொழிகிறேன். எதிர்த்துப் பேச விரும்பும் அன்பர்கள் முதலில் பெயர் கொடுக்க வேண்டுகிறேன்.