வேலி எங்கே?

சேலம், நாமக்கல் வட்டாரத்திலே குச்சிக்கிழங்கு வெறும் கிழங்கல்ல. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கஞ்சி. கரணை நடும் உழவனும், ஜவ்வரிசி ஆலைக் களத்தில் மாவு உலர்த்தும் தொழிலாளியும் அதை நம்பியே அடுப்பு மூட்டுகிறார்கள். அந்த அடுப்பை அணைக்க ஒரு பூச்சி வந்தது.

மரவள்ளி மாவுப்பூச்சி! பிறந்தது தென் அமெரிக்காவில். 1970களில் ஆப்பிரிக்காவில் புகுந்து ஏழைகளின் உணவைச் சூறையாடியது. 2020இல் கேரளத்துத் திருச்சூரில் தலைகாட்டியது; பிறகு தமிழ்நாட்டிலும் பரவியது. குருத்து சுருங்கிற்று, இலை சுருண்டது, கிழங்கு சிறுத்தது.

கடல் தாண்டிப் பறக்கும் சக்தி இந்தப் பூச்சிக்கு இல்லை. மனிதன் கொண்டுசெல்லும் செடியிலும் கரணையிலும் ஒட்டிக்கொண்டுதான் கண்டம் விட்டுக் கண்டம் பாயும். அதைத் தடுக்க 1914லேயே சட்டம் பிறந்தது; 2003இல் தனி ஆணையும் பிறந்தது. ஏட்டிலே சட்டம், தோட்டத்திலே பூச்சி!

இது முதல் தடவையுமல்ல. 2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி புகுந்து பப்பாளியையும் மல்பெரியையும் மரவள்ளியையும் பாழாக்கிற்று. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவி வந்த பின்னரே அது அடங்கிற்று. பாடம் படித்தோமா?

இப்போதும் கைகொடுத்தது மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சிக்கூடமே. ஆப்பிரிக்காவைக் காத்த குளவியைப் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, பெங்களூரில் பெருக்கி, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் பறக்கவிட்டார்கள். அந்தச் சின்னஞ்சிறு குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிட்டு அதை அழிக்கிறது. விஞ்ஞானிகளை வாழ்த்துகிறோம். ஆனால் இடையிலே போன விளைச்சலை, போன கூலியைத் திருப்பித் தருபவர் யார்?

துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் செடிகொடிகளைச் சோதிக்கப் போதிய ஆட்களை நியமியுங்கள். பூச்சியற்ற கரணையைச் சர்க்காரே வழங்கட்டும். நட்டஈடு நிலக்காரரோடு நின்றுவிடாமல் கூலிக்காரருக்கும் சேரட்டும். இவற்றை வற்புறுத்திக் கேட்கிறோம்.

தோழர்களுக்கும் வேலை உண்டு. பூச்சி கண்ட தோட்டத்துக் கரணை அடுத்த ஊருக்குப் போகாமல் பாருங்கள். குளவி விட்ட தோட்டத்தில் கண்ட மருந்தையும் அடித்து அந்தக் காவலாளியைக் கொல்லவேண்டாமென ஊர்தோறும் எடுத்துச் சொல்லுங்கள்.

மாடு மேய்ந்த பின் வேலி கட்டுவது உழவன் வழக்கமல்ல. ஆள்வோரின் வழக்கமாகவும் அது இருக்கலாகாது!