பாலகர் உணவும் நம் பண்டகசாலையும்

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் ஆய்வாளனுக்குப் பண்டகசாலையின் கடன் விற்பனைப் பேரேடு ஒரு நல்ல ஆசான். எந்த வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்பதை அடுப்படிக்குப் போகாமலே அது சொல்லிவிடும். இரும்பை முதல் மரக்காணம் வரையுள்ள ஊர்களில் அதனைப் புரட்டினால், கைக்குழந்தை உள்ள வீடுகளின் பக்கங்களை எளிதில் அடையாளங் கண்டுகொள்ளலாம். பொறை, பிஸ்கோத்து, டப்பாவில் அடைத்த குழந்தை மாவு என்னும் மூன்றும் அங்கே வாரந்தவறாமல் இடம் பெற்றிருக்கும். அதே அங்கத்தினர் அதே பருவத்தில் மணிலாவையும் கேழ்வரகையும் மூட்டையாக விற்ற வரவு வேறொரு பேரேட்டில் இருக்கும். இவ்விரண்டு பேரேடுகளையும் ஒருசேர வைத்துப் பார்ப்பவர் அரியர். பார்த்தால், தம் நிலத்தில் விளைந்த நல்ல உணவை விற்று, அதனினும் குறைந்த உணவைக் கடனுக்கு வாங்கிப் பிள்ளைக்கு ஊட்டுகிறோம் என்பது விளங்கும். இதனைத் திருத்துவது சங்கத்தின் வேலைகளுள் ஒன்று என்பதே என் கருத்து.

"பிள்ளைச் சோறு பெண்டுகள் சமாசாரம் ஐயா, சங்கத்துக்கு அதில் என்ன?" என்று கேட்பார் உண்டு. விதைக்கும் உரத்துக்கும் நூலுக்கும் கடன் கொடுக்கும் சங்கம், அவற்றைக் கையாளப்போகும் அடுத்த தலைமுறை வலுவாக வளர்கிறதா என்று கேட்பதில் தவறேதும் இல்லை. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளில் போதிய அளவும் வகையும் உள்ள உணவு பெற்றவர் 100க்கு ஏறத்தாழ 11 பேரே. நம் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 57 பேருக்கு இரத்தச் சோகை இருந்ததாகவும் அதே ஆய்வு காட்டியது. இவை ஏதோ தூர தேசத்துச் செய்தி அல்ல. நம் தறியடியில் தூளியில் கிடக்கும் குழந்தையைப் பற்றிய செய்தி.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும். தண்ணீரும் வேண்டுவதில்லை, சர்க்கரைத் தண்ணீரும் வேண்டுவதில்லை. ஆறு மாதம் நிறைந்ததும், தாய்ப்பாலை நிறுத்தாமல், மற்ற உணவையும் கூடவே தொடங்கவேண்டும். குழந்தை பிறக்கும்போது உடலில் சேர்த்துக்கொண்டு வரும் இரும்புச் சத்து ஏறக்குறைய அந்தக் காலத்தோடு தீர்ந்துவிடுகிறது. பாலில் உள்ள சிறிதளவு இரும்பு அதன்பின் போதாது. நம் முன்னோர் ஆறாம் மாதத்தில் கோயிலில் சோறூட்டும் வழக்கத்தை ஏற்படுத்தியது மிகப் பொருத்தமானதே. குறை எங்கே என்றால், சோறூட்டிய மறுநாள் முதல் குழந்தைக்குக் கிடைப்பது பெரும்பாலும் வடித்த கஞ்சியும், தேநீரில் நனைத்த பொறையுமே என்பதில்தான். தேநீர், உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்றுக்கொள்வதையும் தடுத்துவிடுகிறது.

கஞ்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதவேண்டும். ஏனெனில் தவறு அதில்தான் மறைந்து கிடக்கிறது. ஆறு மாதம் முதல் எட்டு மாதம் வரையுள்ள குழந்தைக்குத் தாய்ப்பால் நீங்கலாக ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கலோரி வேண்டும். ஒன்பது மாதம் முதல் 300. ஒரு வயதுக்குப் பின் 550. குழந்தையின் வயிறோ ஒரு வேளைக்கு 200 மில்லி லிட்டர் அளவே கொள்ளும். அந்த அளவு தண்ணீரில் 10 கிராம் கேழ்வரகு மாவைக் கரைத்துக் காய்ச்சினால் கிடைப்பது சுமார் 33 கலோரி. மூன்று வேளை கொடுத்தாலும் நூறைத் தாண்டாது. வயிறு நிறைந்தது, குழந்தை உறங்கிவிட்டது என்று தாய் மனநிறைவு அடைகிறாள்; பாதிப் பசியோ உடலில் இருந்துகொண்டே இருக்கிறது. சரி, மாவை 25 கிராமாகக் கூட்டினால் என்ன? கூழ் களியாகிவிடும், பல் முளைக்காத குழந்தை விழுங்காது. மீண்டும் தண்ணீர் சேர்க்கிறோம். மீண்டும் சத்து குறைகிறது.

இந்தச் சிக்கலை அவிழ்க்கும் வழி நம் கையிலேயே இருக்கிறது. கேழ்வரகை முளைகட்டினால் அதில் உண்டாகும் ஒரு நொதி, மாவுப்பொருளைச் சிறு துண்டுகளாக வெட்டிவிடுகிறது. அவ்வாறு ஆன மாவு கொதிநீரில் அவ்வளவாகக் கெட்டிப்படுவதில்லை. ஆகவே இரண்டு மடங்குக்கு மேல் மாவு போட்டாலும் கூழ் இளகி நிற்கும். குழந்தை எளிதில் உண்ணும். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மல்லேஷி, தேசிகாச்சார் ஆகிய இருவரும் முளைகட்டிய கேழ்வரகையும் பச்சைப்பயறையும் கொண்டு இத்தகைய பாலகர் உணவை உருவாக்கி 1982இல் வெளியிட்டனர். பரோடாவில் தாரா கோபால்தாஸ் அம்மையாரும் இதே துறையில் உழைத்தவர். அவர்கள் ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டியது, நம் பாட்டிமார் முறத்திலும் துணிமூட்டையிலும் செய்துவந்த வேலையைத்தான்.

செய்முறை எளிது. கேழ்வரகைக் கல் நீக்கி ஓரிரவு ஊறவைத்து, ஈரத்துணியில் இரண்டு நாள் கட்டிவைக்கவேண்டும். முளை வந்ததும் வெயிலில் நன்கு உலர்த்தி, முளைகளைக் கையால் தேய்த்துப் புடைத்துவிட்டு, இளஞ்சூட்டில் வறுத்து அரைக்கவேண்டும். கருக வறுத்தால் அந்த நொதி அழிந்துவிடும். பட்ட பாடும் வீண். முளைமாவு கொஞ்சமே இருந்தாலும் கவலையில்லை. சாதாரண மாவைக் கெட்டியாகக் காய்ச்சி இறக்கி, ஆவி அடங்கியதும் ஒரு தேக்கரண்டி முளைமாவைக் கலக்கினால் சில நிமிடத்தில் கூழ் தானே இளகும். பிறகு மீண்டும் ஒரு கொதி விட்டு ஊட்டலாம். ஒரு தேக்கரண்டி மணிலா எண்ணெய் சேர்த்தால் இன்னும் 40 கலோரி கூடுகிறது.

கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்குக் குறையாத சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதன் முப்பதில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆயினும் கேழ்வரகு ஒன்றினாலேயே எல்லாம் நிறைந்துவிடும் என்று கருதலாகாது. வறுத்த பச்சைப்பயறும், நைய அரைத்த மணிலாவும் சேர்ந்தால்தான் புரதம் நிறைகிறது. மணிலா விஷயத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். செம்மண் பூமியான இப்பகுதியில், திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் பல ரகங்களை வெளியிட்டுப் பெயர் பெற்ற இந்நாட்டில், மணிலாவின் தரம் பற்றி விவசாயிக்கு யாரும் பாடம் சொல்லவேண்டியதில்லை. ஆனால் முதல் தரத்தை மண்டிக்கு அனுப்பிவிட்டு, சுருங்கியதையும் பூசணம் பிடித்ததையும் வீட்டுக்கு ஒதுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பூசணம் பிடித்த கொட்டையில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. வறுத்தாலும் அது முற்றிலும் போவதில்லை. சந்தைக்கு ஆகாத கொட்டை குழந்தைக்கும் ஆகாது.

எட்டாம் மாதம் முதல் குழந்தை தானே எடுத்து உண்ண முயலும். அதைத் தடுப்பதைவிட, கையில் பிடிக்கத்தக்க மெல்லிய உணவைத் தட்டில் வைப்பதே நல்லது. விரல் நீளத்துக்கு வெட்டி வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பூசணித் துண்டு, நெய் தடவிய இட்லி, கனிந்த வாழைப்பழம், பப்பாளி, நன்கு வெந்த முட்டை ஆகியவற்றில் நம் ஊர்களில் கிடைக்காதது ஒன்றுமில்லை. கடற்கரை ஊரார் கிழங்கானையோ சங்கராவையோ அவித்து, முள்ளை விரலால் தடவிப் பார்த்து நீக்கிவிட்டு உதிர்த்துக் கொடுக்கலாம். மீனிலுள்ள இரும்பு தானியத்தின் இரும்பைவிட எளிதில் உடலில் சேரும். புலால் உண்ணாத வீட்டில் கூழோடு சிறிது தக்காளிச் சாறோ எலுமிச்சையோ சேர்த்தால் தானியத்தின் இரும்பு நன்கு பயன்படும். முழு மணிலாக் கொட்டை, பொட்டுக்கடலை, பச்சைக் காரட்டு, முழுத் திராட்சை போன்றவை மூச்சுக்குழலில் சிக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். முழுக் கொட்டைகளை ஐந்து வயதுவரை விலக்கவேண்டும். ஒரு வயதுக்குள் தேன் தடவுவதும் கூடாது. உண்ணும் நேரம் முழுவதும் பெரியவர் ஒருவர் அருகில் உட்கார்ந்திருக்கவேண்டும்.

உப்பளங்களுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு உப்பைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்ட செயலாகத் தோன்றக்கூடும். என்றாலும் சொல்லவேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு வயது நிறையும்வரை குழந்தை உணவில் உப்பும் சேர்க்கவேண்டாம், சர்க்கரையும் சேர்க்கவேண்டாம். வீட்டுக் குழம்பிலோ பருப்பிலோ குழந்தையின் பங்கை உப்புப் போடுமுன் எடுத்துவிடுவது எளிய உபாயம். கருவாடும் இவ்வயதினருக்கு ஆகாது. தாய்மார் மட்டும் அயோடின் சேர்த்த உப்பையே உண்ணவேண்டும். பாத்தியிலிருந்து நேரே வந்த கல்லுப்பை நம்பியிருந்தால், பால்குடிக்கும் குழந்தைக்கும் அயோடின் குறையும்.

இனித் தறிக்காரர் வீட்டைப் பார்ப்போம். சிறுவந்தாட்டுப் பட்டுத்தறியாயினும் வேறெந்தக் குழித்தறியாயினும், குழியில் இறங்கிய பெண் குழந்தை அழும்போதெல்லாம் எழுந்து கூழ் காய்ச்சிக்கொண்டிருக்க முடியாது. முழம் குறைந்தால் கூலி குறையும். பிஸ்கோத்து அந்த வீட்டுக்குள் நுழைந்தது அறியாமையால் அன்று, நேரமின்மையால். ஆகவே "தாய்மாரே, வீட்டில் செய்யுங்கள்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது ஆண்பிள்ளையின் சௌகரியமான உபதேசமாகும். முளைகட்டி, உலர்த்தி, வறுத்து, அரைக்கும் மூன்று நாள் வேலையைச் சங்கம் எடுத்துக்கொண்டால், வீட்டில் மிஞ்சுவது கால்மணி நேரக் காய்ச்சல் மட்டுமே. தார் சுற்றும் வேலையை வீட்டு ஆண் ஏற்றுக்கொண்டு, அந்தக் கால்மணி நேரத்தைத் தாய்க்கு விடுவதொன்றும் இழிவல்ல.

டப்பா உணவு முழுவதையும் பழிப்பது என் நோக்கம் அன்று. எருமைப்பாலிலிருந்து குழந்தைப் பால்மாவு செய்யும் முறையை மைசூர் ஆராய்ச்சி நிலையம் கண்டறிய, அதைத் தொழிலாக்கி, வெளிநாட்டு இறக்குமதியை நாடு குறைத்துக்கொள்ள உதவியது 1946இல் தோன்றிய கெய்ரா மாவட்டப் பால் கூட்டுறவு ஒன்றியமே; அமுல் என்று நாம் அறிவது அதனைத்தான். தாய்ப்பால் கிட்டாத குழந்தைக்கு மருத்துவர் சொற்படி அது பயன்படட்டும். ஆனால் கேழ்வரகு விளையும் ஊரில் ஆறு மாதக் குழந்தையின் அன்றாட உணவு டப்பாவில் வரவேண்டிய தேவை என்ன? பண்டகசாலை நிர்வாகிகள் இன்னொன்றையும் அறியவேண்டும். 1992ஆம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள் சட்டமும் 2003ஆம் ஆண்டின் திருத்தமும், இரண்டு வயதுக்குட்பட்டோருக்கான இத்தகைய உணவுகளை விளம்பரம் செய்வதையும், இலவச மாதிரி அல்லது பரிசு கொடுத்துப் பரப்புவதையும் தடை செய்கின்றன. கம்பெனி ஆள் கொண்டுவந்து ஒட்டிவிட்டுப் போகும் கொழுகொழுக் குழந்தைப் படம் சங்கத்தின் சுவரில் இருக்கக்கூடாது.

அங்கன்வாடியில் கிடைக்கும் சத்துமாவையும் அலட்சியம் செய்யலாகாது. 2013ஆம் ஆண்டில் இயற்றப்பட்டபோது உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் உணவாகத் தரப்படவேண்டும் என்று விதித்தது. அம்மாவைத் தயாரிப்பதில் தமிழ்நாட்டு மகளிர் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பங்குண்டு என்பது நமக்குப் பெருமை. அதை மாட்டுத் தொட்டியில் கரைப்பதைச் சில ஊர்களில் கண்டிருக்கிறேன். அது பெருமை அன்று. அங்கே மாதந்தோறும் எடை பார்ப்பதும் முக்கியம். 1980இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மூன்று வயதுக்குட்பட்டோரை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை ஏறாத குழந்தையைத் தேடி உணவளித்தது. பருத்தித் துணியை முழம் போட்டுப் பார்க்கும் நாம் பிள்ளையையும் நிறுத்துப் பார்க்கலாமே.

சங்கம் செய்யத்தக்கது இதுதான். அங்கத்தினரிடமிருந்து கேழ்வரகும் பச்சைப்பயறும் தரம் பார்த்து வாங்கி, முளைகட்டும் வேலையை அங்கத்தினர் குடும்பப் பெண்கள் சிலருக்குக் கூலிக்குக் கொடுத்து, முளைக் கேழ்வரகு மாவாகவும் வறுத்த பயற்றம் மாவாகவும் தனித்தனியே விற்கலாம். "குழந்தை உணவு" என்று பெயரிட்டு விற்கக் கூடாது; அப்பெயருக்குச் சட்டம் விதிக்கும் தரக்கட்டுப்பாடு வேறு, சிறு சங்கத்தால் அதைச் சமாளிக்க முடியாது. சாதாரண மாவாக, உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு பெற்று விற்கத் தடையில்லை. மணிலாவை அரைத்து வைக்கவேண்டாம், சில வாரத்தில் சிக்கு வாடை அடித்துவிடும். வீட்டில் அவ்வப்போது அரைத்துக்கொள்வதே முறை. முதல் மாதம் ஒரு மூட்டை போதும். பூச்சி பிடிக்குமுன் விற்றுத் தீருகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த மூட்டையை ஊறப்போடலாம்.